சிற்றலையும் தமிழ்ச் செவியும்

சிற்றலை வானொலி மறைந்து வருகிறதென்று நெடுநாளாகவே சொல்லி வருகின்றனர். சொல்வது மெய்தான். கனடா அனைத்துலக வானொலியும் ஒல்லாந்து வானொலியும் 2012இல் சிற்றலையைக் கைவிட்டன. ஆஸ்திரேலிய வானொலி 2017 ஜனவரியோடு நிறுத்திக்கொண்டது. நம் வாயிற்படியிலேயே, சிங்கப்பூர் அனைத்துலக வானொலி 2008இலும், 1963இல் பிறந்த மலேசியக் குரல் 2011இலும் சிற்றலையில் அடங்கின. முதலில் ஜோகூர்த் தெப்ராவிலும், 1970களின் இறுதியிலிருந்து சிங்கப்பூர்க் கிராஞ்சியிலும் நின்று, லண்டன் பி.பி.சி.யின் குரலைக் கிழக்காசியா முழுதும் வீசிக்கொண்டிருந்த அஞ்சல் நிலையமும் 2023இல் ஓய்ந்தது. அமெரிக்கக் குரலோ 2025 மார்ச்சில் சர்க்கார் கட்டளை ஒன்றினால் வாயடைக்கப்பட்டு, பின்னர்ச் சிற்சில மொழிகளில் மட்டும் அரைகுறையாக மீண்டது.

இவ்வளவையும் வரிசைப்படுத்திப் பெருமூச்சு விடும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் ஏராளம். தமிழிலும் சில உண்டு. அவற்றை எழுதுவோர் பெரும்பாலும் தம் இளமையை எண்ணி இரங்குகிறார்கள். பழைய பெட்டியின் பச்சை விளக்கு, தொலைதூர நிலையத்தின் மணியோசை, நேயருக்கு வந்த அழகிய அஞ்சலட்டை, இவையே அவர்கள் பொருள். இரங்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் எத்தனை நிலையங்கள் மூடப்பட்டன என்று விரல்விட்டு எண்ணும் இவர்கள், எம்மொழியாரின் செவி முதலில் அடைபட்டது என்று எண்ணினாரில்லை. அவ்வாறு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிற்றலையின் இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று உண்டு. நிலையம் வீசும் சிற்றலை அவ்வடுக்கில் மோதித் திரும்பித் தரையைத் தொடும், மீண்டும் எழும்பும், மீண்டும் விழும். இவ்வாறு தாவித் தாவிக் கடல் கடந்து வரும். இடையில் கம்பியில்லை, கோள் இல்லை, எந்த நாட்டின் சுங்கச் சாவடியும் இல்லை. அனுப்புகிறவனுக்கு 100 கிலோவாட், 250 கிலோவாட் என்று மின்சாரம் செலவாகும். கேட்கிறவனுக்கோ ஒரு சிறு பெட்டியும் நான்கு மின்கலங்களும் போதும். அதாவது, செலவு முழுவதும் பேசுகிறவன் தலையில், கேட்கிறவன் கடனாளியல்லன். அவன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறாது. கைத்தொலைபேசி இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. இப்போது செலவில் பெரும்பங்கு கேட்கிறவனுடையது. அவன் எதைக் கேட்டான், எவ்வளவு நேரம் கேட்டான் என்பதும் எங்கோ பதிவாகிறது.

பெயர் பதியாமல் கேட்பது அத்துணைப் பெரிய நன்மையா என்று சிலர் வினவக்கூடும். நம் நாட்டிலேயே அதற்கு விடை உண்டு. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான காலத்தில், வானொலிப் பெட்டிகளின் சிற்றலைப் பகுதியைத் துண்டித்துவிடுமாறு கட்டளை பிறந்தது. மறைவாய்க் கேட்டவருக்குச் சித்திரவதையும் சிறையும் காத்திருந்தன. பேராக் மாநிலத்துப் பாப்பான் என்ற சிற்றூரில், இலங்கைத் தமிழ் வழிவந்த மருத்துவர் காத்திகாசுவின் மனைவியார் சிபில் காத்திகாசு, மறைத்து வைத்த பெட்டியில் லண்டன் செய்தியைக் கேட்டு மற்றவர்க்குச் சொன்னார். காட்டிலிருந்த போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். 1943இல் பிடிபட்ட அவ்வம்மையார் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. யுத்தம் முடிந்து விடுதலையானபோதும் உடல் தேறவில்லை, 1948இல் மாண்டார். ஒரு செய்தி அறிக்கையைக் கேட்பதற்கு மனிதர் உயிரை விலையாக வைத்தனர் என்றால், அச்செய்தியில் வேறெங்கும் கிடையாத ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டுமன்றோ?

நிற்க. லண்டன் செய்தியை வேதவாக்காகக் கொள்ளும் அன்பர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கும் ஒரு சொல். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே மாதம் தொடங்கிற்று. தமிழின் மீது கொண்ட காதலாலா தொடங்கினர்? அன்று. யுத்தத்தில் இந்தியர் துணை வேண்டியிருந்தது. பெர்லினும் டோக்கியோவும் இந்திய மொழிகளில் பேசத் தொடங்கியிருந்தன. ஆகவே லண்டனும் பேசிற்று. பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1941 முதல் 1943 வரை அங்கே கீழ்த்திசைப் பிரிவில் சம்பளத்திற்கு வேலை செய்தார். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்ப்பதற்கான செய்தி மடல்களையும், ஜப்பானியர் வசப்பட்ட மலாயாவுக்கான ஆங்கில மடல்களையும் அவர் எழுதினார். எழுதியவை யாவும் தணிக்கைக்குப் பின்னரே ஒலித்தன. சர்க்கார் குரலை வாழ்நாளெல்லாம் ஐயுற்ற ஒருவர், சர்க்கார் குரலுக்கு எழுதிக் கொடுத்தார். பின்னர் மனம் சலித்து வெளியேறினார். நம் பாட்டன்மார் கேட்ட தமிழ்ச் செய்தியின் பின்னால் அவர் கையும் இருந்ததென்பதை அறிந்தோர் சிலரே.

ஆகவே சிற்றலையில் நடுநிலையான தெய்வக் குரல் ஒன்று ஒலித்ததாகவும், அஃது இப்போது அடங்கிவிட்டதாகவும் எண்ணுவது பேதைமை. ஒவ்வொரு நிலையமும் ஒரு சர்க்காருக்கோ ஒரு மதத்துக்கோ ஊழியம் செய்தது. பயன் எங்கே இருந்ததென்றால், அவை ஒன்றையொன்று மறுத்ததில் இருந்தது. முள்ளை ஒரு விரற்கடை நகர்த்தினால் எதிரி பேசுவான். அவசரகாலத்தில் மலாயா சர்க்கார் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் பொதுவானொலிப் பெட்டிகளை வைத்து, தான் விரும்பியதைத் தமிழிலும் சொல்லிற்று. பின்னர் 1969 நவம்பரில், மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் மலாயாப் புரட்சிக் குரல் சீனத்து ஹூனான் மாகாணத்திலிருந்து ஒலிக்கலாயிற்று. 1981 வரை ஒலித்தது. அதிலும் தமிழ் உண்டு. இரண்டையும் கேட்ட தொழிலாளி எதை நம்பினான் என்பதைவிட, இரண்டையும் கேட்கும் வாய்ப்பு அவனுக்கு இருந்தது, அதுவும் அவன் தாய்மொழியிலேயே இருந்தது என்பது முக்கியம். ஒப்பிட்டுப் பார்ப்பதே பகுத்தறிவின் முதற்படி என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். ஒப்பிடுவதற்கு இரண்டாவது பொருள் வேண்டாமா?

இனி, இலக்கியப் பகுதியில் வரும் கட்டுரையாதலின், மொழி பற்றியும் பேசியாக வேண்டும். சிற்றலை தமிழ் உரைநடைக்குச் செய்த நன்மை இன்னும் சரியாக மதிப்பிடப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சிற்றலை தெளிவாய் வருவதில்லை. அலை ஏறும், இறங்கும். சில நொடிகள் குரல் முற்றும் அமிழ்ந்துவிடும். பக்கத்து நிலையத்தின் இரைச்சல் குறுக்கிடும். ஆங்கில வாக்கியத்தில் எதிர்மறைச் சொல் முன்னமே வந்துவிடும். பின்பகுதி அமிழ்ந்தாலும் கருத்துத் தப்பிப் பிழைக்கும். தமிழின் இயல்பு வேறு. நமக்கு வினை இறுதியில் வரும். மறுப்பும் வினையோடு ஒட்டி இறுதியிலேயே வரும். நான் கட்டிய எடுத்துக்காட்டொன்று: இரு நாட்டு மந்திரிகளும் நேற்று ஒரு நகரில் கூடி மூன்று மணி நேரம் கலந்து பேசி எல்லை பற்றிய ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. இதைப் பத்திரிகையில் படிப்பவனுக்குத் தொல்லையில்லை. சிற்றலையில் கேட்பவனுக்கோ, கடைசிச் சொல் வருகிற வேளையில் அலை இறங்கினால், கையெழுத்து விழுந்தே விட்டது! நடந்ததற்கு நேர்மாறான செய்தியை அவன் காலையில் பெரட்டுக் களத்தில் பத்துப் பேருக்குச் சொல்லிவிடுவான்.

ஆதலின் சிற்றலைக்கு எழுதியவர் வாக்கியத்தை உடைக்கக் கற்றாக வேண்டும். ஒப்பந்தம் ஆகவில்லை என்று முதலில் சொல். பிறகு யார் கூடினர், எங்கே கூடினர், எவ்வளவு நேரம் பேசினர் என்று ஒவ்வொன்றாய்ச் சொல். முடிவில் மறுபடியும் ஒப்பந்தம் ஆகவில்லை என்று சொல். எண்களை இருமுறை சொல். சந்தியில் சொற்கள் கரைந்து போகாமல் பிரித்துச் சொல். ளகர, ழகர, லகரங்களை நாவில் வேறுபடுத்து. இல்லையேல் இரைச்சலில் மூன்றும் ஒன்றாகிவிடும். இவை இலக்கண நூலார் வகுத்த விதிகளல்ல. வானத்தின் குறைபாடு வகுத்த விதிகள். பி.பி.சி. தமிழ் ஒலிபரப்புக்குத் தமிழோசை என்று பெயரிட்டவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். அவர் தம் அனுபவத்தைத் திரட்டி ஒலிபரப்புக் கலை என்று ஒரு நூலே எழுதினார். காதால் படிக்கப்படும் உரைநடை வேறு, கண்ணால் படிக்கப்படும் உரைநடை வேறு என்ற உணர்வு தமிழில் ஒரு கலையாக உருப்பெற்றதற்கு அந்நூலே சான்று. இலங்கை வானொலியில் எஸ். பி. மயில்வாகனமும், அவர்க்குப் பின் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரும் கடல் தாண்டிப் பெயர் பெற்றதற்குக் குரல் வளம் ஒரு காரணம்; குரலைவிட, சொல்லைச் சிதையாமல் ஒப்படைக்கும் பழக்கமே பெரிய காரணம்.

இதோடு நம் மேடைத் தமிழை ஒப்பிடுங்கள். அடுக்கு மொழியும் எதுகை மோனையும் கைதட்டலை எதிர்நோக்கி நீண்டுகொண்டே போகும் வாக்கியமும்! சீர்திருத்தம் பேசுகிற நம் தோழர்களும் இக்குற்றத்துக்கு விலக்கல்லர். மேடைப் பேச்சாளனுக்கு எதிரே ஆயிரம் முகம் தெரியும். சிற்றலையில் படிப்பவனுக்கு ஒரு முகமும் தெரியாது, கைதட்டல் கேளாது, தன் சொல் எங்கேனும் போய்ச் சேர்ந்ததா என்பதே மூன்று வாரம் கழித்து வரும் ஒரு கடிதத்தால்தான் தெரியும். அந்தத் தனிமை அவன் தமிழைச் சுத்தி செய்தது. இன்று பண்பலையில் இரைச்சலே இல்லை. ஒலி கண்ணாடி போல் தெளிவு. ஆனால் அறிவிப்பாளர் பேசுவதில் பாதி சிரிப்பு, கால்பங்கு ஆங்கிலம். தெளிவான அலை தெளிவான மொழியைத் தரும் என்று எதிர்பார்த்தோம், அவ்வாறு ஆகவில்லை. பண்பலை நிலையங்களில் நல்ல தமிழ் பேசுவோர் அறவே இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் தாமாக விரும்பி அவ்வாறு பேசுகின்றனர். அலை அவர்களை வற்புறுத்தவில்லை.

சரி, இன்று தமிழன் சிற்றலைப் பெட்டியைத் திருகினால் என்ன கேட்கும்?

பி.பி.சி. தமிழோசை சிற்றலையில் 2017 ஏப்ரலோடு முடிந்தது. எழுபத்தாறு ஆண்டு வாழ்வு. மணிலாவிலிருந்து பேசிய வெரித்தாஸ் வானொலி, தமிழ்ப் பிரிவு உட்பட, 2018 ஜூனில் சிற்றலையை விட்டு இணையத்துக்குப் போய்விட்டது. இந்திய வானொலி தன் சிற்றலைக் கருவிகளைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறது. எஞ்சி நிற்பவை பெரும்பாலும் இருவகையே. ஒன்று, கிறிஸ்தவ சபையார் நடத்தும் தமிழ்ப் பிரசாரம். மற்றது சீன வானொலி.

சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963இல் தொடங்கியது. சீனரே தமிழ் கற்றுத் தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டு அங்கே பேசுகின்றனர். ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு உச்சரிப்பர். நேயர் கடிதத்தை மதித்து மறுமொழி கூறுவர். தமிழ்நாட்டில் அவர்களுக்கு நேயர் மன்றங்களே ஏற்பட்டன. பீக்கிங்கில் பிறந்தவர் வாயில் ழகரம் பிழைக்கிறது. கோலாலம்பூரில் பிறந்தவர் வாயில் இறக்கிறது. இதைக் கேட்டு மகிழாத தமிழன் இரான். ஆனால் மகிழ்ச்சியில் மதி மயங்கலாகாது. 1989 ஜூன் மாதத் தொடக்கத்தில், பீக்கிங் நகரில் மக்கள் கொல்லப்பட்ட செய்தியை அந்நகர வானொலியின் ஆங்கிலப் பிரிவு ஒருமுறை உலகுக்கு எடுத்துக் கூறித் துயரம் தெரிவித்தது. துணிந்து செய்த அக்காரியம் மறுமுறை நிகழ விடப்படவில்லை. அந்நிலையத்தின் தமிழ் எத்துணைச் செம்மையானதாயினும், அந்நாட்டுச் சர்க்காருக்குப் பிடிக்காத ஒன்றை அச்செந்தமிழில் நாம் கேட்கப்போவதில்லை. முன்பு அதற்கு மறுப்பு வேண்டுமாயின் முள்ளைத் திருகினால் லண்டன் தமிழில் பேசும். லண்டனுக்கு மறுப்பு வேண்டுமாயின் திரும்பவும் பீக்கிங். இன்று முள்ளைத் திருகினால் ஜெபம் கேட்கிறது. ஜெபத்தை நான் பழிக்கவில்லை. ஆயினும் ஜெபம் சீனச் செய்திக்கு மறுப்பாகாது.

இப்போது ஆங்கிலம் தெரிந்தவனின் பெட்டியைப் பாருங்கள். பி.பி.சி. ஆங்கிலம் சிற்றலையில் முற்றும் நிற்கவில்லை. கிராஞ்சி போனபின் நம் பக்கம் நலிந்து வந்தாலும், தெற்காசியாவுக்கென வீசும் அலை இங்கும் சிந்துகிறது. ஜப்பானின் என்.எச்.கே., தென்கொரியாவின் கே.பி.எஸ்., தைவான் வானொலி, ருமேனிய வானொலி ஆகியவை ஆங்கிலத்தில் உண்டு. வடகொரியாவின் குரலும் உண்டு. தலைவர் புகழ்ச்சிக்கு எல்லையில்லை யென்பதை அறிய அதையும் ஒருநாள் கேட்கலாம். நியூசிலாந்து வானொலி, உலகமே சிற்றலையை மூடுகிற காலத்தில், 2024இல் புதிய ஒலிபரப்புக் கருவியொன்றை நிறுவிப் பசிபிக் தீவுகளுக்குப் பேசிவருகிறது. புயலில் கம்பிகளும் கோபுரங்களும் சாய்ந்தபின் அத்தீவினருக்கு வேறு கதியில்லை என்பதை அந்நாட்டார் உணர்ந்திருக்கின்றனர்.

ஆக, ஆங்கிலம் படித்துத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் என் போன்ற கிராணிக்குச் சிற்றலை சுருங்கியது, அழியவில்லை. இன்றும் ஒப்பிட முடிகிறது. தமிழ்ப் பள்ளியோடு படிப்பு நின்று செம்பனை வெட்டப் போனவனுக்கோ, ஒப்பீடு அழிந்தே விட்டது. சிக்கனம் என்ற கத்தி எல்லா மொழியையும் ஒருசேர வெட்டவில்லை. எவன் மொழிக்குச் சந்தையில் விலை குறைவோ அவன் மொழியையே முதலில் வெட்டிற்று. பி.பி.சி.யின் ஹிந்திச் சிற்றலை 2020 ஜனவரியில் நின்றது. வங்காளி ஒலிபரப்பு 2022 டிசம்பரில் நின்றது. நம் தோட்டங்களில் இன்று நம்மவர் விட்டுச் சென்ற இடத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தோழர்களின் மொழி அது. ஆங்கிலம் தப்பியது. இதைத் தற்செயல் என்பார் என்க.

உடனே மறுப்பொன்று எழும். இணையத்தில் பி.பி.சி. தமிழ் படத்தோடு கிடைக்கிறதே, லயத்துப் பையன் கையிலும் தொலைபேசி இருக்கிறதே, பின் எதற்கு இந்த ஒப்பாரி என்பர். கிடைப்பது உண்மை, சிற்றலையைவிட விரிவாகவே கிடைக்கிறது. ஆனால் தேடுகிறவனுக்குக் கிடைக்கிறது. தேடாதவன் கையிலுள்ள கருவி, அவன் நேற்று எதைப் பார்த்துச் சிரித்தானோ அதையே இன்றும் பரிமாறுகிறது. சிற்றலையில் ஒன்றைத் தேடிப் போகிறவன் வழியில் வேறு நான்கைக் கேட்டே தீருவான். விரும்பாததும் செவியில் விழும். மேலும், 2019இல் காஷ்மீரத்திலும் 2021இல் பர்மாவிலும் ஆள்வோர் இணையத்தை அறுத்தனர். ஒரு கட்டளையில் வேலை முடிந்தது. சிற்றலையையும் இரைச்சல் வீசிக் கெடுக்கலாம். சீனா அதில் கைதேர்ந்தது. எனினும் அதற்கு இரவு பகலாக மின்சாரம் செலவழிக்க வேண்டும்; முழுதும் கெடுக்கவும் இயலாது.

சிற்றலை பயனற்றதென்று மூடினவர்களே அதன் பயனை அறியாதவர்களல்லர். ருஷ்யா உக்ரேனில் புகுந்து ஒலிபரப்புக் கோபுரத்தைத் தாக்கியதும், 2022 மார்ச்சில் பி.பி.சி. அந்நாட்டுக்கு இரண்டு புதிய சிற்றலைகளைத் திறந்தது. சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, சில மாதங்களுக்கு முன்தான் அரபு வானொலியை மூடியிருந்த அதே நிலையம், 2023 மே மாதம் அரபு மொழியில் அவசரச் சிற்றலை ஒலிபரப்பைத் தொடங்கிற்று. வேண்டும்போது கருவியும் கிடைக்கிறது, பணமும் கிடைக்கிறது. தமிழுக்கு மட்டும் வேண்டிய நாள் எது என்று முடிவு செய்கிற இடத்தில் தமிழர் இல்லை. 2009இல் இலங்கையில் யுத்தம் முடிந்த மாதங்களில் தமிழோசையை எத்தனை வீடுகளில் மூச்சடக்கிக் கேட்டனர் என்பதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய வேளை மறுபடியும் வாராதென்று யார் உறுதி தந்தார்?

இன்னும் கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய பெட்டி இருந்தால் எறிந்துவிடாதீர்கள். மாலை ஏழு மணிக்குமேல் 25 மீட்டரிலும் 31 மீட்டரிலும் தொடங்கி, இரவு முதிர முதிர 49 மீட்டருக்கு இறங்குங்கள்; இருட்டில் நீண்ட அலையே நன்றாய் வரும். பெட்டியின் கொம்பில் பத்து மீட்டர் கம்பியொன்றைக் கட்டிச் சன்னல் வழியே மரத்தில் மாட்டலாம். இடி மின்னல் வேளையில் மட்டும் கழற்றிவிடுங்கள். பட்டணத்தாருக்கு எல்.இ.டி. விளக்கும் தொலைபேசி மின்னேற்றியுமே பெரும் பகை. அவை கிளப்பும் இரைச்சலில் தொலைநிலையங்கள் மூழ்கிவிடும். இவ்வொன்றில் தோட்டத்தார் கொடுத்து வைத்தவர்கள். செம்பனைக்கு நடுவே, பக்கத்து வீடு அரைக்கல் தொலைவில் இருக்குமிடத்தில், அலை இன்றும் சுத்தமாகவே வந்து இறங்குகிறது. சீனத்தின் நிலையங்கள் வரிசையாக வரும். அவற்றைக் கடந்து மெல்லத் திருகினால் ஜப்பான், கொரியா, லண்டன் வரும். தமிழ் வருமிடத்தில் நிறுத்தி, யார் பேசுகிறார், யார் காசில் பேசுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.